நூலகம் வீடு தேடிய கதை

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் படிப்பகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு நீள மேசை, இரண்டு பெஞ்சு, காலையில் வந்து விழும் நாளிதழ்கள், சுவரோரம் ஓர் இரும்பு பீரோ. மன்றத்தை ஒட்டிய அறையிலோ, யாரோ விட்டுக்கொடுத்த திண்ணையிலோ, வாடகைக் கடையிலோ அது தொடங்கும். முதல் ஆண்டில் பீரோ பாதி காலியாக இருக்கும். பிறகு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுப்பார். காலமான ஒருவரின் வீட்டிலிருந்து மூட்டையாக வந்து இறங்கும். மூன்றாவது பீரோ உள்ளே வரும்போது பெஞ்சு வெளியே போகும். அன்று தொடங்கும், 'கொஞ்சம் பெரிய இடமா, நிரந்தரமா பார்க்கணும்' என்ற பேச்சு.

இந்த ஊரில் அந்தப் பேச்சுக்குக் கூடுதல் அவசரம் உண்டு. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவுத் தெருக்களில் வீட்டின் பெரிய அறையைத் தறி எடுத்துக்கொள்கிறது. குழித்தறி என்றால் தரையிலேயே பள்ளம் வெட்டியிருக்கும். அதை ஓரமாக நகர்த்த வழியில்லை. மிச்சமிருக்கும் இடத்தில்தான் சமையல், தூக்கம், விருந்தாளி எல்லாம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்குப் புத்தகத்தைவிட முதலில் வேண்டியது உட்கார ஓர் இடம்.

நூலகம் இப்படி இடம் தேடி அலைந்த கதைக்கு 1,300 ஆண்டுகளுக்கும் மேல் வயதாகிறது. அதன் முக்கியமான திருப்பங்களில் காஞ்சிபுரம் தலைகாட்டுகிறது.

ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவைச் சுற்றிய சீனத் துறவி யுவான் சுவாங், காஞ்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்த மடங்கள் இருந்ததாக எழுதியிருக்கிறார். கூடவே ஒரு கல்யாணக் கதையையும் சொல்கிறார். காஞ்சியில் ஓர் அமைச்சரின் மகன். அவனுக்குத் தன் மகளைக் கொடுக்க அரசன் முடிவுசெய்கிறான். மணநாளுக்கு முந்தைய இரவு மாப்பிள்ளை ஊரைவிட்டு ஓடித் துறவியாகிவிடுகிறார். அவர்தான் தர்மபாலர், பின்னாளில் நாளந்தாவின் தலைவர். அவருடைய மாணவர் சீலபத்திரர். சீலபத்திரரிடம் நாளந்தாவில் பாடம் கேட்டவர் யுவான் சுவாங்.

அந்தச் சீனர் 645-இல் 657 நூல்களைக் குதிரைகளில் ஏற்றிக்கொண்டு தலைநகர் சாங்கானுக்குத் திரும்பினார். வந்து சேர்ந்ததும் அவரை அரித்த கவலை நம் படிப்பகச் செயலாளர்களுக்கு நன்றாகவே தெரிந்தது: இத்தனையையும் எங்கே வைப்பது? ஏடுகள் சிதறிப்போகும், தீயில் போகும் என்று அஞ்சி, கல்லால் ஒரு கோபுரம் கட்டித்தரும்படி பேரரசர் காவோசோங்கிடம் கேட்டார். கல் கட்டடம் பெரும் வேலை என்று அரசர் செங்கல்லுக்கு ஒப்புக்கொண்டார். 652-இல் வேலை தொடங்கியபோது அந்தத் துறவி தாமே கூடையில் செங்கல் சுமந்தார் என்கிறது அவருடைய சீடர்கள் எழுதிய வரலாறு. முதலில் ஐந்து நிலை. ஐம்பது ஆண்டுகளுக்குள் அது சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டது. இன்று சீயான் நகரத்தில் பெரிய காட்டு வாத்துக் கோபுரம் என்ற பெயரில் ஏழு நிலைகளோடு நிற்பது அதுதான். காஞ்சியிலிருந்து தப்பி ஓடிய மாப்பிள்ளையின் உரைகள் சீன மொழிக்குப் போனதில் யுவான் சுவாங்குக்குப் பெரும் பங்கு உண்டு. புத்தகங்களுக்கென்றே ஓர் இடத்தைக் கேட்டு, மனுப்போட்டு, செங்கல் சுமந்து வாங்கிய மனிதர்களில் அவரை முதல் வரிசையில் வைக்கலாம்.

நூல்களைப் பிற ஊருக்கு அனுப்புவதில் காஞ்சி எப்போதும் தாராளம். பல்லவர் அவையில் இருந்த தண்டி எழுதிய காவியாதர்சம் கன்னடத்தில் கவிராஜமார்க்கத்துக்கும், சிங்களத்தில் சியபஸ்லகரவுக்கும், தமிழில் தண்டியலங்காரத்துக்கும் வழிகாட்டியது. திபெத்திய மொழியிலும் பெயர்க்கப்பட்டு மடங்களில் பாடமாயிற்று. அதற்கும் முன்னே, கடம்ப அரச குலத்தை நிறுவிய மயூரசர்மன் படிக்க வந்தது காஞ்சியின் கடிகை என்ற கல்விச்சாலைக்குத்தான் என்று கர்நாடகத்துத் தாளகுண்டா கல்வெட்டு சொல்கிறது. புத்தகமும் மாணவரும் வந்துபோன ஊர் இது. அந்தக் கடிகை எந்தத் தெருவில் இருந்தது என்று இன்று காட்ட ஒரு கல்கூட மிஞ்சவில்லை. கோயில்களுக்குக் கிடைத்த கற்றளி கல்விச்சாலைக்குக் கிடைக்காமல் போனதை நினைத்தால் மனம் வலிக்கத்தான் செய்கிறது.

பிற்காலச் சோழ, பாண்டியர் காலத்தில் ஏடுகள் கோயிலுக்குள்ளேயே இடம்பிடித்தன. சிதம்பரம், திருவரங்கம் கல்வெட்டுகளில் சரஸ்வதி பண்டாரம் என்ற ஏட்டகம் வருகிறது. தஞ்சையில் நாயக்கரும் மராத்தியரும் அரண்மனைக்குள் சேர்த்ததை, குறிப்பாக இரண்டாம் சரபோஜி அள்ளிக் குவித்ததை, 1918-இல்தான் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கோயிலோ அரண்மனையோ, இடம் உறுதியாக இருந்தது. ஆனால் தெருவில் போகும் எவரும் உள்ளே வந்து உட்காரலாம் என்ற எண்ணம் இன்னும் வந்து சேரவில்லை. அது வேறொரு திசையிலிருந்து, அதுவும் நெசவாளர் வழியாக வந்தது.

ஸ்காட்லாந்தில் ஃபென்விக் என்றொரு சிற்றூர். 1761-இல் அங்கிருந்த நெசவாளர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். நேர்மையாக நெய்வது, நியாயமான விலை கேட்பது, முடியாதவர்களுக்கு உதவுவது என்று விதி எழுதிக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் ஓட்ஸ் மாவை மொத்தமாக வாங்கித் தமக்குள் விற்கத் தொடங்கினார்கள். 1808-இல் அதே ஊர் நெசவாளர்கள் தங்களுக்கென ஒரு நூலகத்தையும் தொடங்கினார்கள். கைகள் தறியில் இருந்தாலும் காதும் மனமும் சும்மா இருப்பதில்லை என்பது நெசவுத் தெருவில் வளர்ந்த எவருக்கும் தெரியும்.

இந்த யோசனையை இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்தார் பெரிதாக்கினார்கள். ஃபிளானல் துணி நெய்தவர்களும் பிற தொழிலாளர்களுமாக 28 பேர், 28 பவுன் முதலோடு, 1844 டிசம்பர் 21 அன்று டோட் லேன் என்ற சந்தில் ஒரு பழைய கிடங்கின் தரைத்தளத்தை வாடகைக்குப் பிடித்துக் கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை. வியாபாரம் நன்றாக நடந்ததும் அவர்கள் செய்தது என்ன? மாடியையும் வாடகைக்கு எடுத்து, அதை வாசிப்பறையும் நூலகமும் ஆக்கினார்கள். பிறகு உபரியில் 100-க்கு இரண்டரைப் பங்கு கல்விக்கு என்று விதியே செய்துகொண்டார்கள். கீழே கடை, மேலே புத்தகம். கடை வளர வளர மாடியும் வளரும். வாசிப்பறை எவருடைய தர்மத்தையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. நூலகத்துக்கு இடம் தேடிய நெடுங்கதையில் இதைவிடத் தெளிவான ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

அந்த ஏற்பாடு காஞ்சிக்கு வந்த வழிதான் வியப்பு. சென்னை மாகாண அதிகாரி ஃபிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பியக் கூட்டுறவுகளை ஆராய்ந்து 1890-களில் ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் இந்தியாவிலேயே முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது எங்கே தெரியுமா? காஞ்சிபுரத்தில், அதே ஆண்டு அக்டோபரில். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் கிடைக்காத பெருமை. ஆனால் 1904 சட்டம் அனுமதித்தது கடன் சங்கத்தை மட்டும்தான். கடை வைக்கவும் பிற காரியங்கள் செய்யவும் சட்டம் திருந்தியது 1912-இல். ஆக, ராச்டேலின் பெட்டியும் கணக்குப் புத்தகமும் நம் ஊருக்கு வந்தபோது மாடியறை கப்பல் ஏறவில்லை. பிற்பாடு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. பட்டு நூலும் சரிகையும் தந்து சேலையை வாங்கிக்கொள்ளும் அந்தச் சங்கங்கள் பெரிய கட்டடங்களும் கண்டன. இலாபத்தில் ஒரு பங்கு கூட்டுறவுக் கல்வி நிதிக்கு என்ற விதி இன்றைக்கும் சட்டத்தில் இருக்கிறது. அது டோட் லேன் மாடியிலிருந்து இறங்கி வந்த விதி.

சென்னையிலும் ஒரு தற்செயல்தான் தொடக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி தன் அதிகாரிகளைப் பயிற்றுவித்த ஹெய்லிபரிக் கல்லூரி 1858-இல் மூடப்பட்டது. அங்கே மிஞ்சிப்போன புத்தகங்களைக் கப்பலில் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள்.  எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கேப்டன் ஜெஸ்ஸி மிட்செல் அவற்றை வாங்கி 1861 வாக்கில் ஒரு சிறு நூலகம் வைத்தார். அது வளர்ந்து, ஹென்றி இர்வின் வடிவமைத்த கட்டடத்துக்கு 1890-இல் கவர்னர் கன்னிமாரா அடிக்கல் நாட்டி, 1896 டிசம்பர் 5 அன்று கன்னிமாரா நூலகம் என்ற பெயரில் திறப்புவிழாக் கண்டது. வேண்டாமென்று வந்த மூட்டைகளுக்கு வந்த வாழ்வு.

எல்லாச் சேகரமும் அவ்வளவு அதிர்ஷ்டம் செய்திருக்கவில்லை. நிலமளக்க வந்த காலின் மெக்கன்சி, காவலி வெங்கட போரையா சகோதரர்களின் துணையோடு ஊர் ஊராகச் சுவடிகளையும் 8,000-க்கும் மேற்பட்ட கல்வெட்டுப் படிகளையும் திரட்டினார். 1821-இல் அவர் கல்கத்தாவில் இறந்தபின் கம்பெனி அதை ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கியது. ஒரு பகுதி லண்டனுக்குப் போனது. சென்னைக்குத் திரும்பிய பகுதி கோட்டைக் கல்லூரி, இலக்கியச் சங்கம், மாநிலக் கல்லூரி என்று கைமாறிக்கொண்டே இருந்து, அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் ஒடுங்கியது. மறைமலையடிகளின் புத்தகங்களும் பல்லாவரத்திலிருந்து கிளம்பி, 1958 முதல் அரை நூற்றாண்டு லிங்கிச் செட்டித் தெருவில் இருந்துவிட்டு, கன்னிமாரா நூலகத்தின் மாடியில் குடியேறின. கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிச் சம்பாதித்த காசில் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை, அவர் 1992-இல் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிச் சென்னையிலேயே நிலைநிறுத்தியது. முதலில் முகப்பேர், இப்போது தரமணி. தமிழ்ப் புத்தகங்களுக்குத் தமிழ்நாட்டில் வீடு பார்த்துக்கொடுக்க அமெரிக்காவிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது.

இதற்கிடையே பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அமெரிக்கா போனார். அங்கே ஊருக்கு ஊர் இலவச நூலகம் இருந்ததைக் கண்டு, 1910-இல் வில்லியம் போர்டன் என்ற நூலகரையே அழைத்துவந்துவிட்டார். பரோடாவின் கிராமங்களுக்குப் பெட்டி பெட்டியாகப் புத்தகம் போயிற்று; இடம் இல்லாத ஊருக்கும் பெட்டி போகும் அல்லவா? நியூயார்க் மாநிலத்தில் மெல்வில் டூயி 1890-களில் செய்ததன் நகல் அது. அமெரிக்காவில் மேரி டிட்கம் 1905-இல் குதிரை வண்டியில் நூலகம் ஓட்டினார். 1931 அக்டோபரில் மன்னார்குடியில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை அதை மாட்டு வண்டியில் ஓட்டினார். வண்டி கிராமத்துக்கு வரும், மாடு அவிழ்த்துக் கட்டப்படும், புத்தகம் கொடுத்து வாங்கப்படும், வண்டி அடுத்த ஊருக்குப் போகும். நிரந்தர இடம் கிடைக்காத நூலகத்துக்குச் சக்கரம் பூட்டிய இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

அதற்குத் துணை நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அப்போது அந்தப் பல்கலைக்கழக நூலகமே கன்னிமாராவின் கூரைக்குக் கீழே ஒண்டுக் குடித்தனம் இருந்தது. 1936-இல்தான் மெரினாவில் சொந்தக் கட்டடம். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் கடைசி விதி, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்கிறது. இடத்துக்கு அலைந்த நூலகத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் இது தோன்றியிருக்கும். வளரும் உயிருக்குச் சோறு எங்கிருந்து வரும் என்பதையும் அவர் யோசித்தார். அவருடைய விடாமுயற்சியாலும் கல்வி அமைச்சர் தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியாரின் ஆதரவாலும் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகத்துக்கென்று ஒரு மாநிலம் இயற்றிய முதல் சட்டம் அது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க வேண்டும் என்றது. டோட் லேன் நெசவாளர்கள் தமக்குள் போட்டுக்கொண்ட விதியை இந்தச் சட்டம் வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் போட்டது.

இடம் தேடலின் முழுக் கதையையும் ஒரே ஊரில் பார்க்க விரும்பினால் யாழ்ப்பாணத்துக்குப் போகவேண்டும். க. மு. செல்லப்பா என்ற எழுத்தர் 1933-இல் தம் வீட்டிலேயே புத்தகம் இரவல் கொடுக்கத் தொடங்கி, இலவசத் தமிழ் நூலகம் வேண்டும் என்று ஊருக்கு வேண்டுகோள் விடுத்தார். 1934 ஆகஸ்டில் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறை, 844 புத்தகங்கள். அறை போதவில்லை. நகரசபை பொறுப்பேற்றதும் வேறு இடம். அதுவும் போதவில்லை. 1950-களில் ஊரே களத்தில் இறங்கியது. களியாட்ட விழா நடத்தினார்கள், லொத்தர் என்னும் லாட்டரிச் சீட்டு விற்றார்கள், கலை நிகழ்ச்சிகளுக்குச் சீட்டுக் கிழித்தார்கள். கட்டடத்தை வரைந்தவர் சென்னையைச் சேர்ந்த நரசிம்மன். உள்ளமைப்புக்கு யோசனை சொன்னவர் நம் ரங்கநாதன். 1959 அக்டோபர் 11 அன்று நூலகம் திறக்கப்பட்டது. 1981 மே 31 இரவு தொடங்கி அதை எரித்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள், திரும்ப எழுத முடியாத ஏடுகள் உட்பட, சாம்பலாயின. யுவான் சுவாங் தீயை நினைத்து அஞ்சியது 13 நூற்றாண்டு கழித்து இங்கே நடந்தது. 1990-களின் இறுதியில், ஆளுக்கு ஒரு செங்கல்லும் ஒரு புத்தகமும் தாருங்கள் என்று இலங்கையில் ஓர் இயக்கம் நடந்தது. அதே இடத்தில், அதே வடிவில் நூலகம் மீண்டும் எழுந்தது. இடம் மாறவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது.

காஞ்சிக்குத் திரும்புவோம். 1909-இல் இங்கே நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, கன்னிமாராவில் உட்கார்ந்து படித்தவர். 1942-இல் இதே ஊரிலிருந்து திராவிட நாடு இதழைத் தொடங்கி நடத்தியவர். வீட்டுக்கொரு புத்தகசாலை வேண்டும் என்று வானொலியில் பேசினார். அவருடைய இயக்கத்தாரும் அதற்கு முன்னோடிகளும் முடிதிருத்தும் கடையிலும் தேநீர்க் கடையிலும் தையற்கடையிலும் இதழ்களை உரக்கப் படித்து, தெருத்தெருவாகப் படிப்பகம் வைத்தார்கள். நாம் முதலில் பார்த்த நீள மேசை அந்த வழி வந்தது.

அண்ணாவின் பெயரில் கோட்டூர்புரத்தில் எட்டு ஏக்கரில் ஒன்பது தளங்களோடு நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. ஓராண்டு கடந்ததும், 2011 நவம்பரில், அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கிவிட்டு நூலகத்தை நுங்கம்பாக்கத்துக்கு மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. வாசகர்களும் எழுத்தாளர்களும் எதிர்த்தார்கள்; உயர் நீதிமன்றம் தடை விதித்தது; நூலகம் நகரவில்லை. சொந்தக் கட்டடம் கிடைத்த பிறகும் வாசகர் காவல் இருக்கவேண்டும் என்பதை நாடே பார்த்தது. மெக்கன்சியின் சுவடிகளில் சென்னைக்குத் திரும்பியவையும் இப்போது அங்கேதான் இருக்கின்றன. காஞ்சிக்காரர் ஒருவரின் பெயர் தாங்கிய கட்டடத்தில், ஒருவழியாக.

புத்தகங்கள் தற்செயலாகக் கூட வந்துவிடும். மூடிய கல்லூரியிலிருந்து வரும், இறந்தவர் வீட்டிலிருந்து வரும். இடம் மட்டும் எந்தக் காலத்திலும் தானாக வந்ததில்லை. ஒருவர் மனுப்போட்டார், சிலர் மாடியை வாடகைக்கு எடுத்தார்கள், ஓர் ஊர் லொத்தர் விற்றது, ஒரு சட்டமன்றம் வரி போட்டது.

அந்த வரியை நாம் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறோம். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி. உள்ளாட்சி அதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். காஞ்சிபுரம் 2021 முதல் மாநகராட்சி. இந்த அரையாண்டு வரி கட்டும்போது ரசீதில் நூலக வரி எவ்வளவு என்று பாருங்கள். நம் ஊரில் மொத்தம் எவ்வளவு வசூலானது, ஆணைக்குழுவுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது, அதில் இடத்துக்கும் கட்டடத்துக்கும் எவ்வளவு என்று உங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுதிக் கேளுங்கள். நெசவாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், அடுத்த பொதுப்பேரவையில் எழுந்து சங்கக் கட்டடத்தின் மாடியைப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கேளுங்கள்.